பிப்ரவரிக் கூட்டம்

கடிதம் திங்கட்கிழமை வந்தது.
ரிமூஸ்கியில் செவிலி, வயது முப்பத்தொன்று,
ஓரேலி என்று பெயர்.
"உங்களோடு வாழ்ந்து உங்களோடு சாக விரும்புகிறேன்."
வாக்கியத்தின் பின்பாதியில்
அவள் கணக்குத் தப்பியிருந்தது.

நாங்கள் ஐவர்.
குளோதில்துக்குத் தொண்ணூற்றாறு.
நவகன்னியர் விடுதிக்குத் தான்தான் பொறுப்பு என்று
இன்னும் நம்புகிறாள்.
இரவில் எழுந்து வெற்றுக் கட்டில்களை எண்ணி
எல்லோரும் தூங்கிவிட்டார்கள் என்று வந்து சொல்வாள்.
எழுபத்துநான்கில் நான்தான் சிறுசு.
பல்பு மாற்ற ஏணி ஏறுவது என் ஊழியம்.

வடக்குக் கட்டடத்தை விற்றாயிற்று.
முந்நூறு பேரின் படுக்கை விரிப்புகள்
ஆவி பறக்க வெளுத்த இடத்தில்
காதில் எதையோ செருகிக்கொண்டு ஒரு பையன்
நின்ற இடத்திலேயே ஓடுகிறான்.
எனக்கு அவனைப் பிடிக்கும்.
மாலைச் செபத்துக்குப் போகும்போது
கண்ணாடி வழியே கையசைப்பான்.

கல்லறைத் தோட்டத்தில் மட்டும் இடம் தாராளம்.
ஆண்டுக்கு நாற்பது பேர் சேர்ந்த காலத்தில்
ஒரு மடத்தலைவி தொலைநோக்கோடு வாங்கிப் போட்டது.
இன்னும் நூற்றுப்பதினேழு குழிக்கு நிலம் இருக்கிறது.
மிச்சத்தை என்ன செய்வதாக உத்தேசம் என்று
நகராட்சி மரியாதையாகக் கேட்டு எழுதுகிறது.

எங்கள் விதிப்படி ஒருத்தியைச் சேர்க்க
விதை போட்டுத்தான் முடிவு.
வெள்ளை அவரை என்றால் வரட்டும்,
கறுப்பு என்றால் வேண்டாம்.
சமையலறையில் கறுப்பு தீர்ந்திருந்தது.
உறைந்த ஆற்றோரமாகச் சறுக்கிச் சறுக்கி
நான்தான் கடைக்குப் போனேன்.
மறுப்பதற்கு ஒரு பொட்டலம்,
இரண்டு டாலர் நாற்பது.

பெராஞ்செர் சொன்னாள்:
"ஐம்பது வயதில் அவள் இந்த வீட்டில்
தானே மணியடித்து, தானே வந்து உட்கார்ந்து,
தானே ஆமென் சொல்வாள்."
ரோலாந்து கேட்டாள்:
"நாம் மட்டும் எதற்கு வந்தோம், கூட்டத்துக்கா?"
யாரும் வாய் திறக்கவில்லை.
வெந்நீர்க் குழாய் சுவருக்குள் டக் டக்கென்றது.

நான் சேர்ந்த ஆண்டில் எழுபது பேர் வெளியேறினார்கள்.
ஒரே கதவு.
பெட்டிகளோடு அவர்கள் போகட்டும் என்று
கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான்
உள்ளே வந்தேன்.
எனக்கு யார் யாரோ வெள்ளை போட்டிருக்கிறார்கள்.

கறுப்பைப் போட்டேன்.

நான்கு கறுப்பு, ஒரு வெள்ளை.
யாருடையது என்று கேட்பது விதிக்கு விரோதம்.
குளோதில்து சிரித்துக்கொண்டிருந்தாள்,
ஆனால் அவள் எப்போதும் சிரிப்பவள்.

பதில் எழுத மூன்று தாளைக் கிழித்தேன்.
போன மறுவாரம் ஓரேலியே நேரில் வந்துவிட்டாள்,
பூட்ஸில் பனியோடு.
அழுவாள், வாதாடுவாள் என்று
காப்பி போட்டுத் தயாராக இருந்தோம்.
எங்கள் செருப்புகளைப் பார்த்துவிட்டு
"கால் நகம் யார் வெட்டிவிடுகிறார்கள்?" என்றாள்.
ஐந்து பேரும் சுவரைப் பார்த்தோம்.
குனிய முடியாமல் போய் எவ்வளவோ காலம்.

இப்போது வியாழன்தோறும் வருகிறாள்.
வார்த்தைப்பாடு இல்லை, முக்காடு இல்லை.
பெட்ரோல் காசு கொடுத்தால் கோபித்துக்கொள்கிறாள்.
லொரெத்தின் வலது பெருவிரலோடு
ஒரு மணிநேரம் மல்லுக்கட்டியிருக்கிறாள்.
லொரெத் மார்ச்சில் போனாள்.
மண் இளகும்வரை, மே மாதம்வரை,
தோட்டத்துக் கல்வீட்டில் பெட்டியோடு காத்திருக்கிறாள்.
காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம்.

திருப்பலி முடிந்து எல்லோருக்கும் பசி.
மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரித்து
மேப்பிள் பாகும் வெங்காயமும் சேர்த்து
இரவெல்லாம் அடுப்பில் வைத்திருந்தேன்.
ஓரேலி இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.
"இந்தக் கறுப்பு அவரை எங்கே வாங்கினீர்கள்?
அம்மாவுக்குச் சொல்லவேண்டும்."

கடைப் பெயரைச் சொன்னேன்.
இன்னும் ஒரு கரண்டி வைத்தேன்.